ஹெல்சிங்கி நகரில் நாம் கண்ட சிலைகள்

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வட ஐரோப்பாவிலே சில வாரங்கள் பிரயாணஞ் செய்து மீண்ட எம்மை அழைத்து, கண்டதைச் சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கண்டவை பல. எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால் இந்த மாலைப் பொழுது போதாது; கேட்பவர்களுக்கும் பொறுமை இராது. ஆகவே ஒரு நகரத்தை மாத்திரம், அதிலும் அந்த நகரத்தின் சிலைகளை மாத்திரம் எடுத்துக்கொண்டோம். அந்நகரம் பின்லாந்து தேசத்தின் தலைநகராகிய ஹெல்சிங்கி.

சிலைகளைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். புதிதாக ஓர் ஊருக்குப் போகிறவன் அவ்வூராரின் பாஷையை அறியான். அவர்கள் வீட்டு நடப்புக்களையும் அறியான். ஆனால் அவர்கள் யாரைப் பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை அவன் கண்ணாற் காணலாம். அதைக் கொண்டு, அவர்கள் எதைப் பெரிதென மதிக்கிறார்கள் என்பதையும் ஓரளவு உணரலாம். இந்த எண்ணத்துடனேதான் நாமும் அந்நகர வீதிகளில் நான்கு நாட்கள் நடந்து திரிந்தோம்.

பின்லாந்து நிலப்பரப்பில் இலங்கையைப் போல ஐந்து மடங்கு பெரியது. அங்குள்ள சனங்களோ ஏறக்குறைய 56 இலட்சம் பேர். எமது நாட்டின் சனத்தொகையில் நாலிலொரு பங்கு. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது சுவீடனின் ஆட்சியில் இருந்தது. 1809ஆம் ஆண்டில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் கைக்கு மாறியது. 1917 டிசெம்பர் 6ஆந் திகதி சுதந்திரப் பிரகடனம் செய்தது. இரண்டு பெரிய அயலவர்களுக்கு நடுவே அகப்பட்ட ஒரு சிறிய சனத்தின் கதை இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், நாம் சொல்லப்போகும் சிலைகளின் பொருள் விளங்கும்.

நாம் போனது கோடை காலம். இரவு பத்தரை மணிக்கும் சூரியன் அஸ்தமிக்கவில்லை. பொழுதுபட்ட பின்னரே இராப்போசனம் என்று இருந்திருந்தால் அங்கே பட்டினிதான் கிடந்திருப்போம்! அந்த நீண்ட வெளிச்சத்திலே முதல் நாள் செனட் சதுக்கத்துக்குச் சென்றோம். ஜேர்மனியிற் பிறந்த எங்கெல் என்னும் கட்டடக்கலைஞர் வகுத்த சதுக்கம் அது. வடக்குப் பக்கத்தில், அகன்ற படிவரிசைக்கு மேலே, 1852இல் முடிவுபெற்ற வெண்ணிறத் தேவாலயம் நிற்கிறது. ஒரு பக்கம் அரசாங்க மாளிகை, எதிர்ப்பக்கம் சர்வகலாசாலை. நடுவே உயர்ந்த பீடத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். தேசத்தின் விடுதலை வீரர் யாரோ என்று எண்ணிக்கொண்டு கிட்டப் போனோம். போய்ப் பார்த்தால், அவர் ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர்!

ஆண்டு போன அந்நிய அரசனுக்கு, சுதந்திர நாட்டின் தலைநகரில், அதுவும் நடுநாயகமான இடத்தில், சிலையா? எமக்கு வழிகாட்டியாக வந்த சர்வகலாசாலை மாணவன் ஒருவனிடம் இதைக் கேட்டோம். அவன் சிரித்துக்கொண்டே கதையைச் சொன்னான். நெடுங்காலமாகக் கூட்டப்படாதிருந்த பின்லாந்தின் சபையை 1863இல் மீண்டும் கூட்டியவர் இந்த அலெக்சாந்தர். சுவீடிஷ் மொழியே உத்தியோக மொழியாக இருந்த நாட்டிலே, குடியானவர் பேசிய பின்னிஷ் மொழிக்கும் அரசாங்கக் கந்தோர்களில் இடம் கிடைக்க வேண்டும் என்று அதே ஆண்டில் கட்டளை பிறப்பித்தவரும் அவரே. 1894இல் சிலை நாட்டப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழிந்ததும், அவருடைய பேரன் இரண்டாம் நிக்கலஸ் பின்லாந்தின் உரிமைகளைக் குறைத்து 1899 பெப்ரவரியில் ஒரு பிரகடனம் செய்தான். சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல்லெறியவில்லை. பூக்களைக் கொண்டுவந்து பாட்டனின் சிலையின் அடியிலே குவித்தார்கள். வாக்கைக் காத்த அரசனுக்குச் செய்த மரியாதையே, வாக்கை மீறிய அரசனுக்குக் காட்டிய கண்டனமாயிற்று. பூப் போடுகிறவனை எந்தச் சட்டத்தின் கீழ்ப் பிடிப்பது? அந்தப் பீடத்தின் முன்புறத்தில், சட்டத்தைக் குறிக்கும் பெண்ணுருவம் ஒன்று சிங்கத்தோடு நிற்கிறது.

அதே காலத்தில், இரண்டு கிழமைக்குள் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான கையொப்பங்களைச் சேர்த்து ஒரு விண்ணப்பத்தைத் தயாரித்தார்கள். கடும் பனிக்காலம். பனிச்சறுக்குக் கட்டைகளில் ஊர் ஊராகச் சென்று கையொப்பம் வாங்கினார்கள். 500 பேர் கொண்ட தூதுக்குழு அதை எடுத்துக்கொண்டு தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்குக்குப் போயிற்று. சக்கரவர்த்தி அவர்களைக் காணவே மறுத்துவிட்டான். வெறுங்கையுடன் திரும்பினார்கள். ஆனால் கையொப்பமிட்ட ஐந்து இலட்சம் பேரும் தாம் ஒரு சாதியார் என்பதை அன்று அறிந்துகொண்டார்கள். சுதந்திரம் வந்த பின்பு அந்தச் சிலையை அகற்ற வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. என்றாலும் அது இன்றும் அதே இடத்தில் நிற்கிறது.

சதுக்கத்திலிருந்து கடற்கரைச் சந்தைக்கு இறங்கி, அங்கிருந்து எஸ்பிளனாடி என்னும் பூங்காவுக்குள் நுழைந்தால், நடுவிலே தேசிய கவியாகிய ரூனெபெர்க்கின் சிலை நிற்கிறது. 1885இல் நாட்டப்பட்டது. அதைச் செய்த சிற்பி கவியின் சொந்த மகன் வால்டர். சக்கரவர்த்தியின் சிலையைச் செய்தவரும் அவரே. பின்லாந்தின் தேசிய கீதத்தை இயற்றியவர் ரூனெபெர்க். ஆனால் அவர் அதை எழுதியது சுவீடிஷ் மொழியில். அதற்கு இசையமைத்தவரோ ஜேர்மனியிற் பிறந்தவர். பின்னிஷ் மொழியில் அது பின்னரே பெயர்க்கப்பட்டது. தேசிய கவி பெரும்பான்மையோரின் மொழியில் எழுதாதவர் என்பதைக் கேட்டு நாம் வியந்தபோது, அந்த மாணவனுக்கு எமது வியப்புத்தான் வியப்பாக இருந்தது.

அப்போதுதான் வீதிப் பெயர்ப்பலகைகளை உற்றுநோக்கினோம். ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர்கள்: மேலே பின்னிஷ், கீழே சுவீடிஷ். திராம் வண்டி நிறுத்தங்களிலும் அவ்வாறே. இன்று சுவீடிஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அந்நாட்டிலே நூற்றுக்கு ஐவர் மாத்திரமே. ஆயினும் 1919ஆம் ஆண்டு அரசியற் சட்டம் பின்னிஷ், சுவீடிஷ் ஆகிய இரண்டையும் குடியரசின் தேசிய மொழிகள் என்று விதித்தது. அந்த விதி இன்றும் நிலைத்திருக்கிறது. இவ்வளவுக்கும், சுவீடிஷ் ஒரு காலத்தில் ஆண்டவர்களின் மொழி. உத்தியோகத்தையும் படிப்பையும் தன் கையில் வைத்திருந்த மொழி. பழைய கோபத்தைத் தீர்த்துக்கொள்ளப் பெரும்பான்மையோருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு மொழியாருக்கும் இடையில் கசப்பான சச்சரவுகளும் நடந்தன. 1930களிலே சர்வகலாசாலை எந்த மொழியில் நடக்கவேண்டும் என்பதில் மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். என்றாலும் பலகையிலிருந்து இரண்டாவது பெயர் அழியவில்லை. அந்தப் பலகையின் கீழே நாம் சற்று நேரம் நின்றோம். என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள், பழைய தேவாலயப் பூங்காவுக்கு எதிரே எலியாஸ் லென்றோத் என்பவரின் சிலையைக் கண்டோம். எம் மனத்தை மிகவும் கவர்ந்தது இதுவே. அவர் ஒரு தையற்காரரின் மகன், 1802இற் பிறந்தவர். வறுமையோடு போராடி வைத்தியப் படிப்பு முடித்து, 1833இல் காயானி என்னும் ஒதுக்குப்புறமான ஊரில் வைத்திய உத்தியோகம் ஏற்றார். பஞ்சமும் கொள்ளைநோயும் அடுத்தடுத்து வந்த பிரதேசம் அது. நோயாளரைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் என்ன செய்தார்? 1828 முதல் 1844 வரை பதினொரு முறை நெடும்பயணம் போனார். நடந்தும், தோணி வலித்தும், பனியிற் சறுக்கியும், கரேலியாவின் காட்டு ஊர்களுக்குச் சென்று, எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்களும் கிழவிகளும் பாடிய பழம்பாட்டுக்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவற்றைக் கோத்து 1835இல் 'கலேவலா' என்னும் காவியமாக வெளியிட்டார். 1849இல் வந்த விரிவான பதிப்பில் 50 பாட்டுக்களும் 22,795 அடிகளும் உண்டு.

குடியானவன் பேச்சு, காவியத்துக்கு உதவாது என்று கற்றோர் சிலர் ஒதுக்கியிருந்த மொழியில், ஐரோப்பா முழுவதும் எடுத்துப் படிக்கும் ஒரு நூல் பிறந்தது. பின்லாந்துக்கு அப்போது அரசும் இல்லை, படையும் இல்லை. ஆனால் தன்னுடையது என்று சொல்ல ஒரு நூல் இருந்தது. பெப்ரவரி 28ஆந் திகதி, அந்நூலின் நாளாக, இன்றும் அங்கே தேசியக் கொடி ஏற்றுகிறார்கள். போரில் வென்ற நாளுக்கு அல்ல, ஒரு புத்தகத்துக்கு ஏற்றும் கொடி! 1902இல் வைக்கப்பட்ட அந்தச் சிலையில் லென்றோத் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் அருகே காவிய நாயகனாகிய முதிய பாணன் வைனமொயினன் அமர்ந்திருக்கிறான். பாடுகிறவனும் எழுதுகிறவனும் ஒரே பீடத்தில்.

அங்கிருந்து புகையிரத நிலையச் சதுக்கத்துக்கு நடந்தோம். தேசிய நாடகசாலையின் முன்னே ஒருவர் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார். பின்னிஷ் மொழியின் முதற் பெரும் நாவலாகிய 'ஏழு சகோதரர்'களை 1870இல் எழுதிய அலெக்சிஸ் கிவி அவர். அந்நூல் வெளிவந்தபோது, செல்வாக்குள்ள ஒரு பேராசிரியர் அதைக் கொடூரமாகக் கண்டித்தார். குடியானவரைப் பண்பற்றவராகக் காட்டுகிறான் என்பது குற்றச்சாட்டு. கிவி மனநோய்க்கு ஆளாகி, 1872ஆம் ஆண்டின் கடைசி நாளில், 38ஆம் வயதில் வறுமையிலே மாண்டார். அவருடைய சிலை திறக்கப்பட்டது 1939 ஒக்டோபர் 10ஆந் திகதி. அவரைத் தூற்றிய பேராசிரியரை இன்று நினைப்பவர்களும் கிவியின் பெயரால்தான் நினைக்கிறார்கள். ஆயினும் அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து வந்த வெண்கலம் பசித்தவனுக்கு என்ன பயன்? அந்தக் கவிழ்ந்த தலையைப் பார்த்தபோது எமக்குப் பெருமை தோன்றவில்லை, வெட்கமே தோன்றியது.

சிலை திறந்து ஏழு கிழமை கழிந்ததும், நவம்பர் 30ஆந் திகதி, சோவியத் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. 105 நாட்கள் நடந்த அந்தக் குளிர்காலப் போரில் பின்லாந்துப் படைக்குத் தலைமை தாங்கியவர் மன்னர்ஹைம். பாராளுமன்றத்துக்கு அண்மையில், அவர் பெயரைத் தாங்கிய பெருவீதியில், குதிரைமேல் அமர்ந்த அவர் சிலை 1960இல் நிறுவப்பட்டது. நாடு சுதந்திரத்தை இழக்கவில்லை. ஆனால் கரேலியாவின் பெரும்பகுதியை இழந்தது. நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் தம் வீடு வாசலை விட்டு வந்தார்கள். மற்றவர்கள் காணி பங்கிட்டு அவர்களைக் குடியேற்றினார்கள்.

இவரே எல்லாருக்கும் வீரர் என்று எண்ணிவிட வேண்டாம். 1918இலே அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. வெள்ளையர் படைக்குத் தலைவராய் நின்று வென்றவர் இதே மன்னர்ஹைம். தோற்ற செந்நிறத்தார் பெரும்பாலும் தொழிலாளரும் காணியற்ற ஏழைகளும். சில மாதங்களில் 35,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் போர் முடிந்தபின் சிறைமுகாம்களிற் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள். துறைமுகத்துக்கு எதிரே, உல்லாசப் பிரயாணிகள் இன்று தோணியேறிச் சென்று பார்க்கும் சுவோமென்லின்னா கோட்டைத் தீவும் அப்போது ஒரு சிறைமுகாம். தன்னுடைய பாட்டனின் தகப்பனார் அங்கே அடைபட்டிருந்தவர் என்று எமது வழிகாட்டி மெதுவாகச் சொன்னான். அந்தக் குதிரைச் சிலையைக் கடக்கும்போது அவனுடைய பாட்டனார் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லையாம். தான் பார்ப்பதுண்டு, ஆனால் இரண்டு கதையையும் நினைத்துக்கொண்டே பார்ப்பேன் என்றான். இருபது வயது இளைஞனின் இந்த வார்த்தையை எமது இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அவனே எம்மை நீண்டபாலம் என்னும் பாலத்தைத் தாண்டி, முன்னாளில் தொழிலாளர் வாழ்ந்த ஹகனியெமி பகுதிக்கு அழைத்துச் சென்றான். நீர்க்கரையிலே 'தீப்பந்தம்' என்ற ஞாபகச் சின்னம் நிற்கிறது. மீனா சில்லன்பா என்னும் மாதுக்காக 1968இல் எழுப்பப்பட்டது. சிறுமியாய் இருந்தபோதே தொழிற்சாலைக்குப் போனவர்; பின்னர் வீட்டு வேலைக்காரியாய் உழைத்தவர். 1906இல் பின்லாந்துப் பெண்கள் வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் பெற்றார்கள். அடுத்த ஆண்டில் 19 பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். உலகிலே பாராளுமன்றம் புகுந்த முதற் பெண்கள் அவர்களே. அவர்களுள் ஒருவர் மீனா. 1926இல் அந்நாட்டின் முதற் பெண் மந்திரியும் ஆனார். கவனியுங்கள்: குதிரைமேல் அமர்ந்த படைத்தலைவரைச் செய்த சிற்பியும், வேலைக்காரியாயிருந்த இந்த அம்மையாருக்குத் தீப்பந்தம் செய்த சிற்பியும் ஒருவரே. அவர் பெயர் ஐமோ துகியாய்னன்.

மூன்றாம் நாள் இசைமேதை சிபேலியஸின் நினைவிடத்துக்குப் போனோம். 600க்கும் மேற்பட்ட எஃகுக் குழாய்களை ஒன்றாய் இணைத்து, எய்லா ஹில்துனன் என்னும் பெண் சிற்பி 1967இல் அமைத்தது. காற்று வீசினால் குழாய்களுக்குள்ளே ஒலி எழும்புகிறது. சிபேலியஸ் எங்கே, வெறுங்குழாய்தானே இருக்கிறது என்று சனங்கள் முணுமுணுத்தபடியால், அவருடைய முகத்தையும் செய்து பக்கத்திலே வைத்தார்களாம். சிற்பிக்கும் சனங்களுக்கும் உள்ள இந்த வழக்கு எல்லா நாட்டிலும் உண்டு போலும்! 1899இல் தணிக்கை கடுமையாய் இருந்த காலத்தில் அவர் இயற்றிய 'பின்லாந்தியா' என்னும் இசை, அதிகாரிகளின் கண்ணுக்குத் தப்புவதற்காக வேறு பெயர்களில் வாசிக்கப்பட்டது.

கடைசி நாள் ஒலிம்பிக் மைதானம். 1940ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்காகக் கட்டினார்கள்; உலகப் போர் வந்து அவை நடைபெறவில்லை. 1952இலேதான் அந்த மைதானம் உலகத்தை வரவேற்றது. அதன் கோபுரத்தின் உயரம் 72.71 மீற்றர். ஏன் இந்தக் கணக்கு? 1932இல் மத்தி யார்வினன் ஈட்டியெறிந்து தங்கப்பதக்கம் வென்ற தூரம் அதுவே. வாசலுக்கு வெளியே பாவோ நூர்மி ஓடிக்கொண்டிருக்கிறார், வெண்கலத்தில். தகப்பனை இழந்து பன்னிரண்டு வயதிற் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனவர். மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் 9 தங்கப்பதக்கங்கள் வென்றவர். 1924இல் பாரிஸ் நகரில், இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு ஓட்டங்களில் முதலாவதாய் வந்தார். 1932இல், பணம் பெற்று ஓடியவர் என்று சொல்லி அவரை விலக்கினார்கள். இருபது ஆண்டுகள் சென்று, 1952 யூலை 19ஆந் திகதி, ஒலிம்பிக் தீபத்தை ஏந்திக்கொண்டு மைதானத்துக்குள் யார் ஓடிவருகிறார் என்று சனங்கள் பார்த்தபோது, அந்த ஓட்ட நடையைக் கண்டே ஆளை அறிந்தார்கள். வந்தவர் 55 வயது நூர்மி.

அதே மைதானத்தில், அதே ஆண்டில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கல்வி பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்ந்தார் என்பதை இங்குள்ள பெரியோர்கள் அறிவார்கள். இளைஞர்களில் எத்தனைபேர் அறிவீர்களோ, தெரியாது. அன்று பதக்கம் கிடைக்கவில்லை. 1956இல் மெல்பேர்ணிலும் பாய்ந்தார். 1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலே உயரம் பாய்தலில் தங்கப்பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டுக்களில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. அந்தக் கோபுரத்தின் உச்சியில் நின்று பச்சைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் எந்த மூலையிலிருந்து ஓடிவந்து பாய்ந்திருப்பார் என்று எமக்குள்ளே பேசிக்கொண்டோம். வழிகாட்டி அந்தப் பெயரை எழுதித் தரச் சொல்லி, எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தான். நூர்மியைப் பற்றி அவனிடம் நாம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உடனே விடை வந்தது. எதிர்வீரசிங்கத்தைப் பற்றி அவன் கேட்ட கேள்விகளுட் பலவற்றுக்கு நாம் விடை சொல்ல முடியாமல் விழித்தோம். அந்தப் பிரயாணத்தில் எமக்கு நேர்ந்த பெரிய தலைகுனிவு அதுவே.

புறப்படுமுன் இன்னொன்றையும் பார்த்தோம். பாராளுமன்றக் கட்டடத்துக்கு நேரெதிரே, 2018 டிசெம்பர் 5ஆந் திகதி, ஒரு பெரிய பொது நூலகத்தைத் திறந்திருக்கிறார்கள். சுதந்திரத்தின் நூறாண்டு நிறைவுக்கு நாடு தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பரிசு அது. புத்தகம் மாத்திரமல்ல, தையல் இயந்திரமும் இசைக் கூடமும் அங்கே யாரும் பாவிக்கலாம். சட்டம் இயற்றுபவர் படிகளில் இறங்கும்போது, எதிரே சனங்கள் வாசித்துக்கொண்டிருப்பதைக் காண்பார்.

அன்பர்களே, அந்த நான்கு நாட்களில் நாம் கண்ட பீடங்களில் இருந்தவர்கள் யார்? பாட்டுச் சேர்த்த வைத்தியர், பட்டினியில் மாண்ட எழுத்தாளர், வேலைக்காரியாயிருந்த மந்திரி, பள்ளிக்கூடத்தை விட்ட ஓட்டக்காரர். வாளேந்தியவரும் இருக்கிறார், அவரைப் பற்றி இரண்டு கதையும் பேசப்படுகிறது. இவர்களுக்குள்ளே பெரிய படையுடையவர் ஒருவரும் இல்லாத காலத்திலேயே அந்தச் சனம் தன்னை ஒரு சனமாக அறிந்துகொண்டது. அது லென்றோத்தின் குறிப்புப் புத்தகத்திலே தொடங்கியது.

ஆகையால் இளைய அங்கத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிலை வைப்பதற்குப் பணம் சேர்க்க நாம் கேட்கவில்லை. ஆளுக்கொரு கொப்பி வாங்குங்கள். உங்கள் வீட்டு ஆச்சிக்குத் தெரிந்த தாலாட்டும் ஒப்பாரியும், கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டும், அருவி வெட்டுப் பாட்டும் அவர்களோடு போய்விடுமுன் கேட்டு எழுதுங்கள். யார் பாடினார், எந்த ஊர், எந்த நாள் என்பதையும் மறவாமற் குறியுங்கள். எதிர்வீரசிங்கம் போன்றோரைப் பற்றியும் அறிந்தவர்களிடம் விசாரித்து எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கும்படி பத்திராதிபரிடம் இப்பொழுதே கேட்டுக்கொள்கிறோம். வேறு தேசத்து மாணவன் ஒருவன் எங்கள் ஊருக்கு வந்து, உங்களிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்டால், நாம் விழித்ததுபோல் நீங்கள் விழிக்கக் கூடாது.